வாங்குபவனின் மௌனம்

விற்பவன் தன் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. ஈரத் தானியத்தை மூட்டையின் அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்புவது மோசடி என்று பள்ளிச் சிறுவனும் சொல்லுவான். ஆனால் வாங்குபவன் ஒரு பொருளின் நிறையை மறைக்கலாமா? விற்பவருக்குத் தம் பொருளின் அருமை தெரியவில்லை. வாங்க வந்தவனுக்குத் தெரிந்திருக்கின்றது. அவன் வாய் திறக்காமல், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு எடுத்துச் செல்கின்றான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. கள்ள நாணயம் கொடுக்கவில்லை. அவன் செய்தது வாணிகமா, வஞ்சனையா?

இக்கேள்வியை நாம் ஏட்டிலிருந்து எடுத்து வைக்கவில்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கப் போன இடத்தில் அது நம்மைப் பிடித்துக்கொண்டது.

பழைய பொருள்களைச் சேர்க்கும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு. சுவர்க் கடிகாரத்தில் தொடங்கி, மைப்பேனா, கிராமபோன் என்று அது வளர்ந்தது. வீட்டார் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவருக்கு இரண்டு கடிகாரம் போதாதா என்று கேட்டால் நம்மிடம் நேர்மையான விடை கிடையாது. வீண்விரயத்துக்கும் விருப்பத்துக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே போகின்றது என்பதைத் தனியே ஒரு நாள் எழுத வேண்டும். இப்பொழுது அதற்குள் போகவில்லை.

கடைசியாக நம் மனம் சென்று நின்றது புல்லட்டில். நம் தலைமுறையினருக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டுவதில்லை. இளையோருக்காகச் சில சொற்கள். ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த நிறுவனம். அதன் புல்லட் வண்டி 1950-களின் தொடக்கத்தில் நம் நாட்டு ராணுவத்தின் தேவைக்காக இங்கே வந்தது. 1955-இல் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த ஆங்கில நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளை இங்கே பொருத்தினார்கள். பிறகு படிப்படியாக எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்யலானார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அதே 346 சி.சி. எஞ்சின், அதே வார்ப்பிரும்பு உருளை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் பெரிய மாறுதலின்றி வந்தது. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முகப்பு விளக்கின் இரு பக்கமும் புலிக்கண் போல் இரண்டு சிறு விளக்குகள். பெட்ரோல் டேங்கில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த பொன்னிறக் கோடுகள்.

இவ்வண்டிகள் இன்றும் நிறைய இருக்கின்றன. சேகரிப்பவர்கள் தேடுவது எல்லாவற்றையும் அன்று. எஞ்சினில் வெட்டிய எண்ணும் சேசிஸில் வெட்டிய எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். பிறந்தபோது பூசிய வண்ணம் இருக்க வேண்டும். மட்கார்டு, சைலன்சர், விளக்கு, கருவிப்பெட்டி ஆகியவை அவ்வண்டிக்கே உரியவையாக இருக்க வேண்டும். மினுமினுக்க மறுவண்ணம் அடித்த வண்டியைவிட, நிறம் மங்கிய அசல் வண்டிக்கே அவர்கள் கூடுதலாகக் கொடுக்கின்றார்கள். புதியவருக்கு இது பித்துக்கொள்ளித்தனமாகத் தோன்றும். ஆனால் மறுவண்ணத்தை என்று வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் வண்ணத்தை ஒரு முறைதான் அடிக்க முடியும்.

கீழைத் தஞ்சையின் கடற்கரை ஊர் ஒன்றில் 1965-ஆம் ஆண்டு வண்டி ஒன்று இருப்பதாக ஒரு மெக்கானிக் சொன்னார். போனோம். வீட்டுக்காரர் பினாங்கிலிருந்து திரும்பி வந்து அரிசி அரவை ஆலை நடத்தியவர். ஆறாண்டுகளுக்கு முன் மௌத்தாகிவிட்டார். அவர் மனைவியார் எழுபதைக் கடந்தவர். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். "தம்பி, வண்டி ஆளோடியிலே நிக்குது, நீங்களே பாருங்க" என்றார்.

பழைய கைலித் துணியால் போர்த்தியிருந்தார்கள். அதை விலக்கியதும் நமக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. எம் என்ற எழுத்தில் தொடங்கும் பழைய பதிவெண். கறுப்பு வண்ணம் மங்கியிருந்தது, உரியவில்லை. டேங்கின் பொன்கோடு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. வண்டியோட்டியின் முழங்கால் நாற்பதாண்டுகள் உரசிய இடம் அது. எண்களைத் துடைத்துப் பார்த்தோம். இரண்டும் புத்தகத்தோடு பொருந்தின.

உதைத்துப் பார்க்கலாமா என்று கேட்டோம். பெட்ரோல் இருப்பதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன் மாதம் இரண்டு முறை கிளப்பி வைப்பானாம். நாம் உதைத்தோம். வண்டி அசையவில்லை. மறுபடி உதைத்தோம். மூன்றாம் முறை கிக்கர் திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்த்தது. கதவு முழுதாகத் திறந்தது. அந்த லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"அப்படி இல்லே தம்பி. முள்ளப் பாத்து மெல்ல அழுத்துங்க. முள்ளு நடுவுக்கு வரட்டும். வந்துச்சா? இப்ப அந்தச் சின்னப் பிடியப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. விட்டுடுங்க. இப்ப உதைங்க."

புல்லட் பழகியவர்களுக்கு இது விளங்கும். கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும்; பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கும்போது முள் நடுவுக்குத் திரும்பும். அப்பொழுது டீகம்ப்ரசரைப் பிடித்து உச்சியைச் சற்றே தாண்டவைத்து, அதன் பிறகே ஓங்கி உதைக்க வேண்டும். உதைத்தோம். ஒரே உதை. அந்த அடிவயிற்று முழக்கம் ஆளோடியை நிறைத்தது. லாத்தா உடனே உள்ளே போய்விட்டார். நாம் எஞ்சினை அணைத்த பின்னரும் சிறிது நேரம் உள்ளிருந்து பேச்சு வரவில்லை.

பிறகு விலை பேசினோம். பழைய இரும்பு வாங்குகின்றவர் 12,000 ரூபாய் கேட்டுப் போனாராம். "முப்பதாயிரம் தந்தா எடுத்துக்கிடுங்க தம்பி, வாப்பாவுக்குப் பிடிச்ச வண்டி, இரும்புக்குப் போட மனசில்லேன்னு புள்ளைங்க சொல்லுதுவ" என்றார். கேட்ட மாத்திரத்தில் நமக்குத் தெரிந்த கணக்கு இது: இந்த நிலையிலுள்ள 1965 வண்டி, ஓடும் நிலையில், ஆவணங்கள் சீராக இருந்தால், சேகரிப்பவர்களிடையே 1,60,000 ரூபாய்க்குக் குறையாது. நாம் பேரம் பேசவில்லை. பேரம் பேசாததையே ஒரு பெருந்தன்மையாக மனத்துக்குள் எழுதிக்கொண்டு, 30,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். ஆவணம் மாற்றும்வரை வண்டி அங்கேயே இருக்கட்டும் என்றோம். அவர் தேநீர் கொடுத்தார். குடித்தோம்.

ஊர் திரும்பும் பேருந்திலேயே மனம் நம்மோடு வழக்காடத் தொடங்கிற்று.

நம் தரப்பு வாதம் வலுவில்லாதது என்று சொல்ல முடியாது. விலை அவர் சொன்னது. மனமொத்து நடந்த விற்பனை. எண்களைப் படிக்கவும், அசலையும் போலியையும் பிரிக்கவும் நாம் பல ஆண்டுகள் செலவிட்டிருக்கின்றோம்; கற்ற அறிவுக்குக் கூலி கூடாதா? வைத்தியர் ஒருவர் சந்தையில் கீரைக் கட்டுக்குள் அரிய மூலிகை ஒன்றைக் காண்கின்றார். இரண்டு ரூபாய்க் கட்டுக்கு இருநூறு ரூபாய் கொடு என்று அவரை எவரும் வற்புறுத்த மாட்டார். தவிரவும், 1,60,000 என்ற விலை வண்டிக்குள் பெட்ரோல் போல் நிரம்பி இருப்பதன்று. நம்மைப் போன்ற சில பித்தர்கள் இருப்பதால் இருக்கும் விலை. நாம் இல்லாவிட்டால் அது 12,000 ரூபாய் இரும்புதான்.

இவ்வாதம் ஓரிரவு நம்மைத் தூங்கவைத்தது. மறுநாள் வைத்தியர் உவமையில் ஓட்டை தெரிந்தது. கீரைக்காரி நாளையும் கீரை பறிப்பாள். அந்த மூலிகையை வைத்தியர் தேடி வாங்குகின்றார் என்பது நாலு நாளில் அவளுக்கும் தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் விலை ஏறும். நாள்தோறும் விற்பவருக்குச் சந்தையே ஆசான். ஆனால் ஆளோடியில் நிற்கும் கணவரின் வண்டியை ஒரு கைம்பெண் வாழ்நாளில் ஒரு முறைதான் விற்கின்றார். அவர் பிழையிலிருந்து பாடம் கற்றுத் திருத்திக்கொள்ள இரண்டாம் வண்டி இல்லை.

நகரத்துக்குச் சரக்குக் கொண்டுவரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு வாங்கிவிடக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். அப்படி விற்றுவிட்டவர், சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. அங்கே பொய் சொன்னவர் எவரும் இல்லை. வாங்கியவன் ஊர் விலையை அறிவான், விற்றவர் அறியார், அவ்வளவுதான் வேறுபாடு. இதை நாம் இளமையிலேயே ஓதியிருக்கின்றோம். ஆனால் ஒட்டகக் கூட்டத்துக்கும் சரக்கு மூட்டைக்கும் உரிய சட்டமாகவே அது நம் நினைவில் இருந்தது. கைலித் துணி போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள் மீது அது வந்து விழும் என்று எண்ணவில்லை.

இன்னும் நெருக்கமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் வாங்கிச் செல்லக் குதிரைக்காரரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது முந்நூறுக்கு மேல் பெறுமே, நானூறுக்குத் தருவீரா என்று கேட்டார்கள். பிறகு ஐந்நூறு, அறுநூறு என்று வாங்குபவரே ஏற்றிக்கொண்டு போய் 800-இல் முடித்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவேன் என்று தாம் கொடுத்திருந்த உறுதிமொழியைக் காரணமாகச் சொன்னார்கள். அக்குதிரைக்காரர் தம் குதிரையின் விலை அறியாதவராக இருந்தாரா, அவசரத்தில் இருந்தாரா என்று கதை சொல்லவில்லை. ஜரீர் (ரலி) அவர்களும் அதை விசாரிக்கவில்லை.

இது நம் சமயத்தாரின் தனிக்கருத்து என்று எண்ண வேண்டாம். ரோமாபுரியின் சிசரோ, கடமைகள் பற்றி எழுதிய நூலில் ஸ்கேவோலா என்பவரைக் குறிப்பிடுகின்றார். நிலம் வாங்கச் சென்ற அவர், ஒரே விலையாகச் சொல்லும்படி கேட்டார். சொன்னதும், இதன் மதிப்பு இன்னும் கூடுதல் என்று கூறி, மேற்கொண்டு ஒரு லட்சம் ரோமாபுரி நாணயம் சேர்த்துக் கொடுத்தாராம். இதை நல்லவரின் செயல் என்று ஒப்புக்கொள்வோர், அறிவாளியின் செயல் அன்று என்பார்கள் என்றும் சிசரோ எழுதுகின்றார். நன்மையையும் அறிவையும் அப்படிப் பிரித்து வைப்பதுதான் கேடு என்பது அவர் கட்சி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேருந்தில் வந்த நம் வாதத்தை அவர் கேட்டுவிட்டார் போலும்!

ஆயினும் நம்மை உண்மையில் உறுத்தியது இந்தச் சான்றுகள் அல்ல. வேறொன்று. நாம் எதற்காக 1,60,000 மதிப்பிட்டோம்? இரும்புக்கு அன்று. அதே ஆண்டில் அதே தொழிற்சாலையில் பிறந்த வண்டிகள் பல துருப்பிடித்து உருக்குலைக்குப் போய்விட்டன. இது ஏன் போகவில்லை? கடற்கரை ஊர், உப்புக் காற்று. ஆண்டுக்கணக்கில் எவரோ எண்ணெய்த் துணியால் துடைத்திருக்கின்றார்கள். மழைச்சாரல் படாமல் தள்ளி நிறுத்தியிருக்கின்றார்கள். டேங்கில் பெட்ரோல் குறையாமல் பார்த்திருக்கின்றார்கள்; வெறும் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பதை எவரிடமோ கேட்டறிந்திருக்கின்றார்கள். அம்மீட்டர் முள்ளின் நடு எது என்று கற்றிருக்கின்றார்கள். சேகரிப்பவன் "நன்கு பாதுகாக்கப்பட்டது" என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகின்றானே, அச்சொல்லுக்குள் இருப்பது ஒரு மனிதரின், பின்னர் அவர் மனைவியின், உழைப்பு. அந்த லாத்தாவுக்குத் தெரியாமலும் நமக்குத் தெரிந்தும் இருந்தது எது? அவர் உழைப்பின் விலை. கூலியாளுக்குத் தன் கூலி எவ்வளவு என்று தெரியாதது கண்டு கொடுக்காமல் போகின்றவனை நாம் என்ன பெயரால் அழைப்போம்?

இந்த இடத்தில் நாம் உடனே திரும்பிச் சென்று உண்மையைச் சொன்னோம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கின்றது. சொல்லவில்லை. மூன்று வாரம் கடந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் கிடைத்தது. உண்மையை நம் வாயிலிருந்து பிடுங்கியது நம் மனச்சான்று அன்று. மோட்டார் வாகன அலுவலகத்துப் படிவம்.

வண்டி இறந்தவர் பெயரில் இருந்தது. உரிமையாளர் இறந்துவிட்டால் முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும்; அதற்கு 31-ஆம் எண் படிவம், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் வேண்டும். அதன் பின்னரே 29, 30-ஆம் படிவங்களில் நமக்கு விற்க முடியும். ஒரு மகன் வளைகுடாவில். இரண்டு மகள்கள் உள்ளூரிலும் அடுத்த ஊரிலும். கையொப்பம் என்ற சொல்லைக் கேட்டதுமே நமக்குச் சுருக்கென்றது. கணவர் விட்டுச் சென்ற பொருளில், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதம் பிள்ளைகளுக்கு. இது தெரியாத முஸ்லிம் குடும்பம் உண்டா? நமக்கும் தெரியும். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் அது நினைவில் இல்லை! 30,000 ரூபாயில் அந்த லாத்தாவின் பங்கு 3,750. அதையும் கணக்கிட்டுப் பார்த்தோம்.

கையொப்பத்துக்காக மறுபடி சென்றபோது மூத்த மகள் வந்திருந்தார். பள்ளி ஆசிரியை. படிவங்களை நிதானமாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். எழுதுமுன் நிமிர்ந்து கேட்டார்: "காக்கா, தப்பா நினைக்கக் கூடாது. இந்த வண்டி உண்மையிலேயே எவ்வளவு போகும்?"

கேட்கப்படாதவரை மௌனத்துக்குப் பல பெயர் சூட்டலாம். கேட்கப்பட்ட பிறகு அதற்கு ஒரே பெயர்தான். நாம் சொன்னோம்: ஓடும் நிலையில் ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. "இவ்வளவு தெரிஞ்ச நீங்க, உம்மாகிட்ட அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்றார்.

நம்மிடம் இருந்த வாதங்களில் ஒன்றுகூட அந்த ஆளோடியில் எழுந்து நிற்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விற்பனையை முறித்துக்கொள்ளுங்கள், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றோம் என்றோம். லாத்தா அதை ஏற்கவில்லை. "முப்பதுன்னு நான்தானே சொன்னேன்; வாக்குக் குடுத்தாச்சு" என்றார். தொலைபேசியில் வந்த மகனும் உம்மாவின் வாக்கே தம் வாக்கு என்றார். மூத்த மகள் எதுவும் சொல்லவில்லை. விற்பவர் பக்கம் வாக்கைப் பற்றி நிற்கின்றது. வாங்குபவன் விலையை ஏற்றச் சொல்லி மன்றாடுகின்றான். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும் காட்சி, நமக்கு வரவில்லை. முடிவில், வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவர டயர், ஆறு வோல்ட் மின்கலம், மின்கம்பிகள், பதிவுப் புதுப்பித்தல் எல்லாவற்றுக்கும் 32,000 ரூபாய் ஆகும் என்று கணக்கெழுதிக் காட்டி, அதைக் கழித்து 1,28,000 என்று முடித்தோம். உம்மாவுக்கு 16,000, மகனுக்கு 56,000, மகள்களுக்கு 28,000 வீதம். அந்த 32,000-இலும் நம் பக்கம் சிறிது சாய்ந்து எழுதினோமோ என்ற ஐயம் இன்னும் இருக்கின்றது. டயருக்கு நாம் எழுதிய தொகைக்குக் குறைவாகவே ஆயிற்று. அந்த மீதத்தை இளைய மகளின் பையனுக்குப் புத்தகம் வாங்கக் கொடுத்தோம். அதையும் மூத்தவரிடம் கொடுக்கக் கூச்சமாக இருந்ததால்தான் இளையவரிடம் கொடுத்தோம்.

வண்டி இப்பொழுது நம் வீட்டில் இருக்கின்றது. வந்தபின் இன்னொரு கேள்வி எழுந்தது. இதை ஓட்டுவதா, நிறுத்தி வைப்பதா?

ஓட்டினால் தேயும். தேய்ந்த உறுப்பை மாற்ற வேண்டும். மாற்ற மாற்ற அசல் குறையும். ஏதன்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைப் போற்றி வைத்து, மக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்தி வந்தார்களாம்; அது அதே கப்பல்தானா என்று தத்துவ அறிஞர்கள் வாதாடியதாகப் புளூட்டார்க் எழுதுகின்றார். நாம் அந்த வாதத்துக்குப் பயந்து வண்டியை அப்படியே நிறுத்தினால்? அங்கேயும் தப்ப முடியாது. நின்ற எஞ்சினில் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும். ரப்பர் உறுப்புகள் காய்ந்து வெடிக்கும். மின்கலம் செத்துப்போகும். பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். ஓட்டுவதாலும் அழியும், ஓட்டாமையாலும் அழியும். மனிதனின் கைகால்களைப் போன்றதே இதுவும்.

நம் நாட்டில் 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதி ஒன்று, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகின்றது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். முன்பே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனை உண்டு. அன்றாடத் தேவைக்கு அவ்வண்டியை ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் இவற்றுக்கு மட்டுமே தெருவில் இறக்கலாம். சட்டம் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. நெரிசல் மிகுந்த தெருவில் அறுபதாண்டு வண்டியின் பிரேக்கை நம்பிப் பிறர் நடக்க வேண்டியதில்லை. சேகரிப்பவர்கள் பலரும் அதை மகிழ்ந்து வரவேற்றார்கள். அந்த நிபந்தனையைப் படித்தபோது நம் எண்ணமெல்லாம் அந்த அரிசி ஆலைக்காரர் மீது சென்றது. அவர் இவ்வண்டியைப் பாதுகாத்தது பாதுகாப்பதற்காக அன்று. நாளை காலை ஆலைக்குப் போக வேண்டும். நெல் வாங்க ஊர் ஊராகத் திரிய வேண்டும். அதற்காகவே துடைத்தார், எண்ணெய் இட்டார். போகும் இடம் இருந்ததால் வண்டி பிழைத்திருந்தது. போகும் இடமே இல்லாத வண்டியை நாம் துடைத்தால் அது என்ன துடைப்பு?

நாம் அத்தனிப் பதிவுக்கு மனுச் செய்யவில்லை. மற்ற பழைய வண்டிகளைப் போல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் பழைய வழியிலேயே விட்டுவிட்டோம். சேகரிப்பு நண்பர்கள் இதை அறியாமை என்கின்றார்கள். வாரம் ஒரு நாள், பஜ்ரு தொழுகைக்குப் பின் தெருவில் நடமாட்டம் மிகுவதற்கு முன், ஏழெட்டு மைல் போய் வருகின்றோம். பெரும்பாலும் ஒரு வேலையை வைத்துக்கொண்டே போகின்றோம். இறைச்சி வாங்குவது, தங்கை வீட்டுக்குத் தேங்காய் கொண்டுபோவது இப்படி. டேங்கில் முழங்கால் உரசிய இடத்தில் நம் முழங்கால் சரியாக அமரவில்லை. அவர் நம்மைவிட உயரமானவர் போலும்.

பெருநாளுக்கு அவ்வீட்டாருக்கு வாழ்த்து அனுப்பினோம். லாத்தா பேரனை விட்டுத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். நலம் விசாரித்தார். வண்டியைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "முள்ளு நடுவுக்கு வருதா தம்பி?" வருகின்றது என்றோம். மூத்த மகளும் மரியாதையாக ஸலாம் எழுதியிருந்தார். ஆளோடியில் அவர் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. அதற்கு விடை எழுதி இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டோம். மூன்றாவது தாள் மேசையில் இருக்கின்றது.